முகத்துக்கு வெளியே இருக்கும் உணர்ச்சி: நண்பருக்கு ஒரு கடிதம்

லண்டன்

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தணிந்து மாலை ஓவிய வகுப்புகளை மறுபடியும் நடத்தத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நிம்மதியாக இருந்தது. இங்கே மகள் வீட்டில் எல்லோரும் நலம். குளிர்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். பழைய ஐரோப்பியக் கேலிப்படங்களில் பெரிய மூக்கும் தொப்பையும் இருக்கின்றனவே தவிர மனித உணர்ச்சி என்று எதுவும் இல்லை என்கிறாய். அச்சுக்கலைப் பிரிவில் ஒன்றாகத் தகடு தேய்த்த காலத்திலேயே உனக்கு இந்த எண்ணம் உண்டு. அன்றைக்கு மறுத்துப் பேச என் கையில் சான்று எதுவும் இல்லை. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் படிப்பறையில் முன்பதிவு செய்துகொண்டு உட்கார முடிகிறது. பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். கேட்ட படத்தை மேசைக்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் இல்லாமல், தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் வரைக்கும் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததிலிருந்து உன்னோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன்.

உணர்ச்சியை எப்படி வரைவது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பாடமே இருந்தது. பிரெஞ்சு அரசரின் தலைமை ஓவியரான ஷார்ல் லெ ப்ரன் 1668இல் பாரிஸ் கலைக்கழகத்தில் இதைப் பற்றி உரையாற்றினார்; அவர் இறந்த பிறகு 1698இல் அது படங்களோடு நூலாக வெளிவந்தது. மூளையின் நடுவிலுள்ள ஒரு சிறு சுரப்பியில்தான் ஆன்மா தன் வேலையைச் செய்கிறது என்ற தத்துவ அறிஞர் டெக்கார்ட்டின் கொள்கையை ஒட்டி, அந்தச் சுரப்பிக்குப் பக்கத்தில் இருப்பதால் புருவமே உணர்ச்சியை மிகத் தெளிவாகக் காட்டும் உறுப்பு என்று அவர் முடிவு கட்டினார். வியப்பு, வெறுப்பு, அச்சம், பொறாமை, துயரம், சினம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை. புருவம் இவ்வளவு ஏறினால் இது, வாயோரம் இவ்வளவு இறங்கினால் அது என்று விதிகள். நமக்கு வகுப்பில் பலகையில் வரைந்து காட்டப்பட்ட முகங்கள், பல கை மாறி வந்த இதே சரக்குதான் என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தலைகளுக்கு உடலும் இல்லை, இருக்கும் இடமும் இல்லை. எதைப் பார்த்து இப்படி ஆனார்கள் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

இந்த இடத்தில் தொல்காப்பியர் எவ்வளவு விவரமானவர் என்று நினைத்துக்கொண்டேன். உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளின் பெயரைச் சொல்லிவிட்டு நிற்காமல், ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காக அடுக்குகிறார். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. புருவத்தைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. கேலிப்படக்காரர்கள் தொல்காப்பியத்தைக் கண்டவர்கள் அல்லர். ஆனால் அவர்களில் தேர்ந்தவர்கள் போன வழி லெ ப்ரனுடைய வழி அன்று, இந்த வழிதான். லெ ப்ரனின் முகங்களை அவர்கள் நேரடியாகவே கிண்டல் செய்தார்கள். ஆங்கிலக் கேலிப்பட ஓவியர்களில் உட்வர்ட் வரைந்து கொடுக்க, ரோலண்ட்சன் தகட்டில் ஏற்றி, 1800இல் அக்கர்மன் என்ற பதிப்பாளர் வெளியிட்ட ஒரு தொகுப்பு முழுவதும் அந்தப் பாடநூலைப் பகடி செய்வதற்கென்றே உருவானது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்திலிருந்து தொடங்குகிறேன். 1733இல் அவர் செய்த 'சிரிக்கும் அவை' என்ற சிறிய படம், அடுத்து வரவிருந்த தொடர் படங்களுக்கு முன்பணம் கட்டியவர்களுக்குக் கொடுத்த ரசீது. கீழே மூன்று வாத்தியக்காரர்கள் சிரத்தையாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். கூர்முனை பதித்த ஒரு தடுப்புக்குப் பின்னால் எளிய பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே மாடத்தில் இருக்கும் கனவான்கள் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. ஒருவர் ஆரஞ்சு விற்கும் பெண்ணிடம் குழைகிறார், இன்னொருவர் ஒரு சீமாட்டியிடம் பொடி டப்பாவை நீட்டுகிறார். மேடையை ஹோகார்த் வரையவே இல்லை என்பதுதான் இதில் பெரிய சாமர்த்தியம். எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. காரணம் கண்ணில் படாவிட்டாலும் சிரிப்பு பொய்யாகத் தோன்றவில்லை. பக்கத்தில் சிரிக்காதவர்கள் இருப்பதால்தான் ஒவ்வொருவருடைய சிரிப்பும் தனித்தனியாகத் தெரிகிறது. உன் மாணவர்களுக்கு இதைக் காட்டி, மேடையில் என்ன நடந்திருக்கும் என்று வரையச் சொல்லிப் பாரேன்.

இனி 'ஜின் சந்து'. 1751இல் வந்த இந்தப் படத்தை, மலிவு விலை ஜின் சாராயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு ஆதரவாக ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். நடுவில் படிக்கட்டில் ஒரு பெண். மேலாடை விலகிக் கிடக்கிறது, கால்களில் புண்கள். அவள் கையிலிருந்து குழந்தை தலைகீழாகக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருக்கிறது. அவளுக்கோ அது தெரியவில்லை. டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை பொடியை எடுத்தபடி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நெருங்கிப் பார்த்தேன். இரண்டு மூன்று வளைகோடுகள்தான். தனியே வெட்டி எடுத்து வைத்தால் ஏதோ இனிய நினைவில் ஆழ்ந்த பெண்ணின் முகம் என்று சொல்லிவிடலாம். லெ ப்ரனுடைய நூலில் அது எந்தத் தலைப்பின் கீழும் கொடுமையான முகமாக இராது. விழும் குழந்தையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் நமக்கு நெஞ்சு பதறுகிறது. அச்சம் முழுவதும் குழந்தையின் திறந்த வாயில் இருக்கிறது, தாயின் முகத்தில் அதன் நிழல்கூட இல்லை. அந்த முகத்துக்கும் அருகில் நடப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் ஹோகார்த் உணர்ச்சியை வைத்திருக்கிறார். கேலிப்படம் என்ற வடிவத்துக்கே உரிய வலிமை இதுதான் என்பது என் கட்சி.

அதே படத்தின் ஓரத்தில் அடகுக் கடை வாசலில் ஒரு தச்சன் தன் ரம்பத்தைக் கொடுக்கிறான், ஒரு பெண் சமையல் பாத்திரங்களைக் கொடுக்கிறாள். இன்னொரு பக்கம் ஒரே எலும்பின் ஒரு முனையை மனிதனும் மறுமுனையை நாயும் கடிக்கிறார்கள். இவர்களில் யாரும் கண்ணீர் விடவில்லை. பின்னணியில் தெரியும் படிக்கட்டுக் கோபுரம் இந்த அருங்காட்சியகத்துக்கு வெகு அருகிலுள்ள ப்ளூம்ஸ்பரி புனித ஜார்ஜ் தேவாலயத்துடையது; உச்சியில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் சிலை இன்றும் நிற்கிறது. படிப்பறையை விட்டு வெளியே வந்து அதை அண்ணாந்து பார்த்தபோது, அரசரை அவ்வளவு உயரத்தில் வைத்து, கீழே நடப்பது எதுவும் அவர் கண்ணில் படாதபடி ஹோகார்த் கோணத்தைத் தேர்ந்திருக்கிறார் என்று பட்டது. கேலியின் கூர்மை அங்கேயும் இருக்கிறது.

ஹோகார்த்துக்குப் பின் வந்த ஆங்கிலக் கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரேயை நீ அவ்வளவாக விரும்பமாட்டாய் என்று தெரியும். மூக்கையும் தொப்பையையும் வைத்தே காலம் தள்ளியவர் என்று நீ சொல்வது பெரும்பாலும் இவரைத்தான். ஆனாலும் 1799இல் அவர் செய்த 'கீல்வாதம்' என்ற படத்தை ஒருமுறை பார். அதில் முகமே கிடையாது. மெத்தைமேல் வீங்கிக் கிடக்கும் ஒரு பாதம்; அதன்மேல் சிறிய கறுத்த பிசாசு ஒன்று நகங்களை ஊன்றி, பற்களைப் பதித்துக் கடிக்கிறது. அவ்வளவுதான் படம். வலிப்பவர் யார், எப்படிக் கத்துகிறார் என்பதையெல்லாம் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார். இவ்வளவு நாள் மூட்டு வலியில் கிடந்த உனக்கு இந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை!

அவருடைய 1808ஆம் ஆண்டுப் படம் ஒன்றும் நினைவில் நிற்கிறது. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் அவருடைய படங்களை விற்ற ஹன்னா ஹம்ஃப்ரி அம்மையாரின் கடை முகப்பு அப்படியே அதில் இருக்கிறது. கில்ரே குடியிருந்ததும் அந்த வீட்டில்தான். கடைச் சன்னலில் ஒட்டிய கேலிப்படங்களைச் சிலர் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு முதியவர் வழுக்கி விழுந்துவிட்டார். பொய்மயிர்த் தொப்பி கழன்றுபோக, பையிலிருந்த காசும் பொடி டப்பாவும் சிதற, கையிலிருந்த வெப்பமானியை மட்டும் உடையாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். சன்னலில் நிற்பவர்கள் யாரும் திரும்பவில்லை. கேலிப்படம் பார்ப்பவர்களின் மனத்தைப் பற்றி இதைவிடத் துணிவாக ஒரு கேலிப்பட ஓவியர் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. மூலக் கருத்து ஸ்னெய்ட் என்ற பாதிரியாருடையது. ஆனாலும் தன் வாடிக்கையாளர்களின் முதுகை இப்படி வரைந்தவர் கில்ரேதான்.

உன் குற்றச்சாட்டு பலிக்கும் இடங்களையும் மறைக்க விரும்பவில்லை. 1792இல், பாரிஸ் செப்டம்பர் படுகொலைகளுக்குப் பிறகு, புரட்சிக்காரக் குடும்பம் ஒன்று மனித உடல்களைத் தின்பதாகவும், கிழவி ஒருத்தி குழந்தையைக் கம்பியில் கோத்து வாட்டுவதாகவும் கில்ரே ஒரு படம் செய்தார். அதில் எல்லா முகங்களும் ஒரே வெறியில் கோணியிருக்கின்றன; முகமும் செயலும் ஒன்றையே கத்துகின்றன. பார்ப்பவர் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1797 முதல், அரசுத் தரப்பிலிருந்து அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை வந்தது. அந்தப் பணத்துக்கு முன்பே கை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. பிறகு பார்வை மங்கி, புத்தி பேதலித்து, 1815இல் அவர் இறந்தார்.

பாரிஸில் கேலிப்பட ஓவியர் ஒனோரே தோமியேயின் கைக்கு வேறொரு கருவி கிடைத்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தால் அரிக்கும் கோடு எப்போதும் சற்று முள்ளாகவே நிற்கும்; கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சில் மெழுகுக் கட்டியால் நேரே தீற்றலாம், கறுப்பிலிருந்து வெளுப்பு வரை எத்தனை சாயல் வேண்டுமானாலும் வரும். உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் தோமியேயைப் புரிந்துகொள்ள இது முக்கியம். லூயி பிலிப் மன்னரைக் குடிகளின் காசை விழுங்கும் பெருவயிற்றுப் பூதமாக வரைந்ததற்காக 1832இல் சிறை சென்றவர் அவர். பதிப்பாளர் ஃபிலிப்போனுக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலைகளைக் களிமண்ணில் சிறிதாக வடித்து வண்ணம் தீட்டி வைத்துக்கொண்டார். 36 தலைகள் இன்றும் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் துணையோடு 1834இல் வந்த 'சட்டமன்ற வயிறு' படத்தில் வரிசை வரிசையாகக் கனவான்கள் அமர்ந்திருக்கிறார்கள். சிலர் தூங்குகிறார்கள், சிலர் அரட்டை அடிக்கிறார்கள், மற்றவர்கள் வெறுமனே நிரம்பியிருக்கிறார்கள். லெ ப்ரனின் பட்டியலில் சலிப்புக்கு ஒரு தலை கிடையாது. தோமியே ஒரு மண்டபம் முழுக்கச் சலிப்பையும் திருப்தியையும் நிரப்பிக் காட்டினார்.

அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், கலகம் நடந்துகொண்டிருந்தபோது, பாரிஸின் த்ரான்ஸ்நோனேன் தெரு 12ஆம் எண் வீட்டிலிருந்து துப்பாக்கி வெடித்ததாகக் கூறிப் படைவீரர்கள் உள்ளே புகுந்து, கண்ணில் பட்ட குடியிருப்போரைக் கொன்றார்கள். தோமியேயின் படத்தில் படைவீரர் யாரும் இல்லை. கட்டிலோரம் சரிந்து கிடக்கிறார் ஓர் ஆண். தலையில் இரவுத் தொப்பி, மேலே ஏறிச் சுருண்ட இரவுச் சட்டை, அதற்குக் கீழே ஆடையற்ற கால்கள். அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தையின் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. இடப்பக்க இருளில் ஒரு பெண், வலப்பக்க ஓரத்தில் ஒரு முதியவரின் முகம். கவிழ்ந்த நாற்காலி. கட்டிலிலிருந்து இழுபட்டு வந்த விரிப்பின் வெண்மை படத்தின் நடுவில் பரவியிருக்கிறது. கல்லச்சு இல்லாவிட்டால் அந்த வெண்மையும் அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறமும் வாய்த்திருக்காது. யாரும் அழவில்லை, அழுவதற்கு உயிரோடு யாரும் இல்லை. காவல்துறை அச்சுக் கல்லையும் கையில் சிக்கிய பிரதிகளையும் பறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் படங்களுக்கு முன்தணிக்கையையே மீண்டும் கொண்டுவந்துவிட்டார்கள்.

இது கேலிப்படமே அன்று, நம் வரலாற்றின் குருதி தோய்ந்த ஒரு பக்கம் என்று ஃபிலிப்போனே எழுதினார். நீ அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, உணர்ச்சி வந்ததும் கேலி போய்விட்டது என்பாய். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சட்டமன்ற வயிற்றை வரைந்த அதே கை, சில மாதங்கள் கழித்து, அதே சந்தாதாரர்களுக்காகச் செய்த படம் இது. இறந்தவரின் சட்டை எந்த அளவுக்கு ஏறிக் கிடக்கும், அந்தத் தொப்பி எவ்வளவு கேவலமாகத் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை, பிறரைப் பரிகாசம் செய்வதற்காக ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்துப் பழகிய கண்தான் கவனிக்கும். வரலாற்று ஓவியர் எவராவது இதைத் தீட்டியிருந்தால் அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டு, கையை மார்பின்மேல் வைத்து, முகத்தில் ஒரு தியாகியின் அமைதியைப் பூசியிருப்பார்.

நீ இதற்குச் சும்மா இருக்கமாட்டாய். லெ ப்ரன் பக்கம் நின்று வாதாட உன்னிடம் ஏதாவது இருக்கும். அதை விரிவாக எழுது. வகுப்புக்குப் பயன்படும் என்று நினைத்தால் நான் சொன்ன படங்களின் பெரிய பிரதிகளை இங்கிருந்து எடுத்து அனுப்புகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

அன்புடன்,
சிவசுப்பிரமணியன்