‘உண்மை வரலாறு’ என்று போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் போர்களை வைத்துத் திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் உருவாக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான் பள்ளியில் வரலாறு நடத்தும் ஆசிரியர். உங்கள் தொழிலுக்கு எதிரி அல்ல. படம் பார்ப்பேன், விளையாடவும் செய்வேன். முதல் உலகப் போரை வைத்து அண்மையில் வந்த ஒரு விளையாட்டின் முன்னோட்டத்தில் ‘அன்று நடந்தது நடந்தபடியே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை விளையாடி முடித்துவிட்டு வகுப்புக்கு வந்த மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சார், அவங்க எதுக்கு நாலு வருஷம் குழிக்குள்ளயே உட்கார்ந்திருந்தாங்க? எழுந்து ஓடி, பக்கவாட்டுல போய்ச் சுட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. அவ்வளவு முட்டாள்களா?”

அவன் மேல் தப்பே இல்லை. அவன் பார்த்த போரில் ஒவ்வொரு சிப்பாயின் கையிலும் சடசடவென்று சுடும் தானியங்கித் துப்பாக்கி இருந்தது. குண்டடி பட்டால் சுவருக்குப் பின்னால் சில விநாடி ஒதுங்கினால் போதும், உடம்பு சரியாகிவிடும். அந்த விதிகளின்படி பார்த்தால் குழி தோண்டுகிறவன் முட்டாள்தான்.

உண்மையான விதிகள் வேறு. அந்தப் போரின் காலாட்படை வீரனிடம் பெரும்பாலும் இருந்தது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி. ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு ஓடிச் சுடும் சிறிய தானியங்கி ஜெர்மன் படைக்கு வந்ததே கடைசி ஆண்டான 1918-இல்தான். எதிரே முள்கம்பி வேலி. அதற்குப் பின்னால் முக்காலியில் ஏற்றிய மெஷின் கன். துப்பாக்கி, முக்காலி, குளிர்விக்கத் தண்ணீர், தோட்டாப் பெட்டி என்று அதைச் சுமக்கவே ஒரு குழு வேண்டும். தூக்கிக்கொண்டு முன்னேறுவது கடினம், உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டாக்கள் சுடுவது எளிது. அதாவது காத்திருப்பவனுக்கு வாகாகவும் எழுந்து வருகிறவனுக்குச் சாவாகவும் அமைந்த ஆயுதம். 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படையினர் அப்படித்தான் எழுந்து வந்தார்கள். பலரின் முதுகில் 30 கிலோ அளவுக்குச் சுமை. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 57,000-க்கும் மேல்.

பக்கவாட்டில் போகலாமே என்றானே? பக்கமே கிடையாது. வட கடலோரத்திலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை 700 கிலோமீட்டர் அளவுக்குப் பதுங்குகுழி வரிசை நீண்டு கிடந்தது. விளையாட்டின் வரைபடம் சில நூறு மீட்டரில் முடிந்துவிடுவதால் அவனுக்கு அது தெரிய வழியில்லை.

ஒரு பாடவேளை முழுவதும் பலகையில் படம் போட்டு இதை விளக்கினேன். கடைசியில் அவன், “ஆனா சார், அதுல உண்மைன்னு போட்டிருக்காங்களே” என்றான். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

துப்பாக்கியின் மாதிரி எண் தப்பு என்று புகார் செய்ய நான் வரவில்லை. அந்தக் காலத்துக்கு இல்லாத ஆயுதத்தை எல்லோர் கையிலும் கொடுத்தபோது, அந்தப் போர் ஏன் அப்படி நடந்தது என்ற காரணமே காணாமல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் செத்தவர்கள் புத்தியில்லாமல் செத்தவர்களாகிவிட்டார்கள். எனவே உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான்: ‘உண்மை’ என்று விளம்பரம் செய்தால், எதையெல்லாம் மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதையும் படைப்புக்குள்ளேயே ஒரு பக்கத்தில் சொல்லுங்கள்.

“இது பொழுதுபோக்குதானே” என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். மழையில் மண் வெட்டி, பேன் கடியில் தூங்காமல் கிடந்து, கடைசியில் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் பீரங்கிக் குண்டில் யார் சுட்டார்கள் என்றே தெரியாமல் சாவது என்று ஒரு விளையாட்டு வந்தால் நானே வாங்க மாட்டேன். மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். மாற்றிவிட்டு மாற்றவில்லை என்று சொல்வதுதான் பிரச்சினை. துப்பாக்கிச் சத்தத்தைப் பதிவு செய்ய அசல் துப்பாக்கியைத் தேடிப் பிடிக்கிறீர்கள், சீருடைப் பொத்தானை அருங்காட்சியகத்தில் போய் அளக்கிறீர்கள். பொத்தானுக்குக் கிடைக்கும் மரியாதை அந்தச் சீருடையைப் போட்டிருந்தவனுக்கும் கிடைக்கக் கூடாதா?

இடைக்காலப் போர் என்றால் கேட்கவே வேண்டாம். வில்லாளிகள் நாணை முழுக்க இழுத்துப் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள். தளபதி குதிரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய், வசனம் பேசி முடித்துவிட்டு, நிதானமாகக் கையை இறக்குவார். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் அப்படிப்பட்ட போர்விற்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றை முழுதாக இழுக்க ஏறத்தாழ 45 முதல் 80 கிலோ வரை விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வசனம் கேட்கும் வில்லாளியை நானும் ஒரு நாள் பார்க்க ஆசைப்படுகிறேன். அப்புறம் 1297-இல் நடந்த ஸ்டெர்லிங் பாலப் போர். ஆங்கிலேயப் படை குறுகிய பாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடக்க முடியும் என்று காத்திருந்து, பாதி கடந்ததும் ஸ்காட்லாந்துக்காரர்கள் பாய்ந்தார்கள். 1995-இல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ படத்தில் அந்தப் போர் இருக்கிறது, பாலம் இல்லை. யோசித்து ஜெயித்தவர்களை, முகத்தில் நீலச் சாயம் பூசிக் கத்தி ஜெயித்தவர்களாக ஆக்கிவிட்டார்கள்.

இதுவாவது பழங்கதை. யார் செய்தார்கள் என்பதையே மாற்றுவது இன்னும் மோசம். 1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக்கியப் படைகளின் வாகன வரிசை மீது அமெரிக்கத் தலைமையிலான கூட்டணி குண்டு வீசியது. அந்தச் சாலைக்கு ‘மரண நெடுஞ்சாலை’ என்று பெயர் வந்தது. 2019-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ விளையாட்டில் அதே பெயரில், ஒரு கற்பனை நாட்டில், ஒரு சாலை வருகிறது. குண்டு போட்டவர்கள் ரஷ்யர்களாம். நாடு கற்பனை, பெயர் மட்டும் அசல்.

இரண்டாம் உலகப் போரை வைத்து 2000-ஆம் ஆண்டில் வந்த ‘யு-571’ படத்தில் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து, ரகசியச் செய்திகளைக் குறியீடாக மாற்றும் எனிக்மா கருவியைக் கைப்பற்றுகிறவர்கள் அமெரிக்கர்கள். உண்மையில் 1941 மே மாதம், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, யு-110 நீர்மூழ்கியில் ஏறி அதை எடுத்தவர்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. இத்தனைக்கும் அந்தப் படம் கடைசியில் உண்மையை எழுத்தில் காட்டியது. இருக்கையை விட்டு எழுந்து போகிறவர்களின் முதுகுக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது அந்த ஒரு பக்கம்தான். அது உங்களால் முடியாத காரியமும் அல்ல. யுபிசாஃப்ட் நிறுவனம் பண்டைய எகிப்து விளையாட்டுக்கு 2018-இல் சண்டையே இல்லாத ஒரு சுற்றுலாப் பகுதியை வெளியிட்டது. விளையாட்டில் பள்ளிக்கூடத்தில் சிறுமிகளும் சேர்ந்து படிப்பது போலக் காட்டியிருப்பது வரலாற்றின்படி அல்ல, நாங்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு என்று அதில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் விளையாட்டின் சுவை குறைந்துவிடவில்லை. என் போன்றவர்களுக்கு வகுப்பில் காட்ட ஒரு நல்ல பாடமும் கிடைத்தது.

ஆகவே தயவுசெய்து, ‘உண்மை’ என்ற சொல்லை விளம்பரத்தில் போடும் ஒவ்வொரு படைப்பிலும், மாற்றியவற்றின் பட்டியலைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். விளையாட்டானால் முதன்மைப் பட்டியலில் ஒரு பொத்தான், படமானால் பெயர்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம். அதுகூட வேண்டாம் என்றால் விளம்பரத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், நானும் என் வேலையைப் பார்க்கிறேன். பட்டியல் எழுத ஆள் தேட வேண்டியதில்லை. ‘வரலாற்று ஆலோசகர்’ என்று ஒருவர் பெயரைக் கடைசியில் சின்ன எழுத்தில் போடுகிறீர்களே, அவரைக் கேளுங்கள். நீங்கள் தள்ளிவிட்ட அவருடைய குறிப்புகளே அந்தப் பட்டியலாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்