குவாண்டம் ஆய்வுக்கூடத்தில் டெக்னிசியனுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அணு அளவிலான இயற்கை விதிகளை வைத்து வேலை செய்யும் குவாண்டம் தொழில்நுட்பம் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் இந்தத் துறைக்கு இப்போதே ஆள்களைத் தயார் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது மிகச் சரி. ஆனால் 'ஆள்' என்று வந்த இடமெல்லாம் முனைவர் பட்டம் வாங்கிய விஞ்ஞானியைத்தான் குறித்தது. நான் பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாசில் சிப் சோதனைப் பிரிவில் 33 ஆண்டுகள் டெக்னிசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டுரையில் விடுபட்டுப்போன அந்த இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் குவாண்டம் பாடத்தை விரும்பி எடுத்தாள். பருவம் முழுவதும் வெண்பலகையோடு முடிந்துவிட்டது. "எல்லாக் கணக்கும் போட்டுடுவேன்பா. அந்தப் பொருள் எப்படி இருக்கும்னுதான் தெரியல" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று இரவு குவாண்டம் கணினியின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பொன்னிறத்தில் அடுக்கடுக்காகத் தொங்குகிறதே, அது கணினி அல்ல, குளிரூட்டும் கருவி. ஹீலியத்தில் இரண்டு வகையைக் கலந்து ஓடவிட்டு, அடித்தட்டை மைனஸ் 273 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. விண்வெளிகூட அதைவிட நூறு மடங்குக்கு மேல் சூடு. சிப் அந்தக் கடைசித் தட்டில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. மேலிருந்து கோஆக்சியல் கேபிள்கள் தட்டுத் தட்டாக இறங்குகின்றன. ஒவ்வொரு தட்டிலும் சிக்னலையும் அதோடு வரும் இரைச்சலையும், அதாவது வேண்டாத சிக்னலையும், குறைக்க ஒரு அட்டென்யுவேட்டர். சிப்புக்குள் போவது 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மைக்ரோவேவ் துடிப்பு, ஏறக்குறைய நம் வீட்டு வைஃபை ஓடுகிற அலைவரிசை.

கணக்கு எனக்குப் புரியாது. ஆனால் அந்தக் கேபிள் எனக்குத் தெரியும். கனெக்டரை டார்க் ரெஞ்ச் போட்டுச் சரியான அளவுக்கு முடுக்காவிட்டால் சிக்னல் எப்படிக் கெடும் என்று என் கைக்குத் தெரியும். சோதனை மேசையில் என்றால் கழற்றி மாட்டிவிடலாம். இந்தக் கருவியை முழுசாகச் சூடாக்கித் திறந்து, சரிசெய்து, மறுபடி குளிர்வித்து வருவதற்குள் சில நாள் போய்விடும். ஒரு இணைப்பு தளர்ந்தால் ஆராய்ச்சியே நின்றுபோகும். அந்த இணைப்பைப் போடப்போவது யார் என்பதுதான் என் கேள்வி.

அக்காவும் அப்போது பக்கத்தில் இருந்தார். அவர் 1970-களின் கடைசியில் பாண்டிங் பிரிவில் வேலை செய்தவர். பினாங்குப் பாலம் வராத காலம் அது. பிறையிலிருந்து கிளம்பி, ஃபெர்ரியில் அக்கரை போய், அங்கிருந்து தொழிற்சாலை பஸ் பிடித்து, எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பின் ஓரத்தில் ஒட்டுவார். குவாண்டம் சிப்பின் படத்தைப் பார்த்ததும், "இது பாண்டிங்தானே தம்பி?" என்றார். ஆமாம், அதேதான். அங்கே பெரும்பாலும் அலுமினியக் கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம்.

2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் கிடைத்தது. குவாண்டம் விளைவை அணுவுக்குள் மட்டுமல்ல, கையில் பிடிக்கிற மின்சுற்றிலும் காட்ட முடியும் என்று 1984, 1985-இல் பெர்க்லியில் நிரூபித்தவர்கள். மார்ட்டினிஸ் அப்போது ஆராய்ச்சி மாணவர்தான். வெளியிலிருந்து வயர் வழியாக நுழையும் இரைச்சலைத் தடுக்க அவர்கள் ஒரு ஃபில்டர் செய்தார்கள். குழாய்க்குள் சுருள் கம்பியை வைத்துச் செம்புத் தூளை நிரப்பிய ஃபில்டர் அது. இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதை மகளுக்குச் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். நோபல் பரிசுக்குப் பின்னால் செம்புத் தூள் இருக்கிறது என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

உலகத்தில் சிப்புகளைச் சோதித்துப் பொதியும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பெரும்பங்கு பினாங்கினுடையது. 1972-இல் இங்கே வந்த எச்பி (ஹியூலெட்-பேக்கார்ட்) ஆலையின் வழிவந்ததுதான் இன்றைய கீசைட். குவாண்டம் கணினிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளை உலகத்துக்கு விற்கிற நிறுவனம், பாயான் லெப்பாசில் நம் கண்ணெதிரே நிற்கிறது. 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி என்று அரசாங்கம் சொன்னது. அந்தக் கணக்கில் குவாண்டம் கருவியைத் தொட்டுப் பழகியவர்கள் ஒரு சிலராவது இருக்க வேண்டாமா? சிங்கப்பூர் 2007-லேயே இதற்கென்று ஒரு மையம் திறந்துவிட்டது. நம் பிள்ளைகள் ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் திரும்பி வருவார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அவ்வளவு விலையுள்ள குளிரூட்டும் கருவியை வாங்கக் காசுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வாங்க முடியாதுதான். அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. வைரத்துக்குள் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தால், பச்சை லேசர் பட்டதும் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கும். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் மங்குகிற அலைவரிசை இரண்டாகப் பிரியும். இதுவும் குவாண்டம் விளைவுதான். சாதாரண அறை வெப்பத்தில், ஒரு மேசைமேல் இதைச் செய்யலாம். லேசர், சிக்னல் ஜெனரேட்டர், ஒளியை அளக்க ஒரு டயோடு, ஒரு சின்ன வைரத் துண்டு. பொறியியல் கல்லூரியும் இரண்டு மூன்று ஆலைகளும் சேர்ந்தால் ஆகாத காரியமா? அந்த மேசையில் பட்டப்படிப்பு மாணவர் மட்டுமல்லாமல், பாலிடெக்னிக் டிப்ளோமா மாணவரும், ஷிப்ட் முடிந்து வரும் டெக்னிசியனும் உட்கார வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைக்கலாம்.

நம் வீடுகளில் 'குவாண்டம்' என்ற சொல் எப்படி வந்தது என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. சக்தி தரும் குவாண்டம் பதக்கம் என்று சொல்லிக் கழுத்தில் மாட்டினார்கள். நாங்களும் காசு கொடுத்து இரண்டு வாங்கினோம். அப்படிப்பட்ட சில பொருள்களில் கதிரியக்கம் இருக்கிறது, அணியாதீர்கள் என்று 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அக்காவின் கழுத்திலிருந்து நானே கழற்றினேன். உண்மையான குவாண்டம் கருவியை நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் இந்த வியாபாரம் எங்கள் தெருவில் நடக்காது.

கட்டுரையை எழுதியவருக்கும் பினாங்குப் பொறியியல் கல்லூரிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கினால், கேபிள் வெட்டிக் கனெக்டர் போடுவதைச் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்க நான் தயார். பாண்டிங் மேசைக்கு அக்காவை அழைத்து வருகிறேன். இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்திருக்கிறார், ஆனாலும் கை நடுங்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெக்னிசியன்,
பிறை, பினாங்கு