லோகோ எழுத்தைச் சுற்றிச் சாம்பல் கோடு விழுகிறது, சரி செய்து கொடுங்கள்

வணக்கம்.

கும்பகோணத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களின் மூலையில் கடைப் பெயரை லேசாகத் தெரிகிற மாதிரி ஒட்டத்தான் உங்கள் இமேஜ் லைப்ரரிக்கு (புரோகிராம் எழுதிப் படங்களைத் திருத்த உதவும் மென்பொருள்) ஒரு வருடச் சந்தா கட்டினேன். முன்பு ஒவ்வொரு படமாகத் திறந்து கையால் வைப்போம், தை மாதம் முகூர்த்தம் அடுத்தடுத்து வந்தால் ராத்திரித் தூக்கமே கிடையாது, அதனால்தான் இந்த வயதில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் சுவாமிமலையில் ஒரு கல்யாணம். 600 படம். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மேல் விழுந்த வெள்ளை எழுத்துக்கெல்லாம் ஓரத்தில் அழுக்குக் கோடு. பெண்ணின் அப்பா, "என்ன தம்பி, வேட்டியில கரி பட்ட மாதிரி இருக்கே?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் சப்போர்ட்டுக்கு எழுதினேன். லோகோவை ஜேபெக்காக மாற்றச் சொன்னார்கள். ஜேபெக்கில் ஆல்பாவே, அதாவது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற அளவே, கிடையாது, மாற்றினால் எழுத்துக்குப் பின்னால் நிறம் நிரம்பிய பட்டை அல்லவா வரும்? படித்துப் பார்த்துதான் பதில் போட்டார்களா?

சரி, நானே தேடினேன். வெறும் வெள்ளைப் படத்தின் மேல் அதே வெள்ளை லோகோவை வைத்தேன். ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் எழுத்தின் ஓரம் மட்டும் சாம்பலாகத் தெரிந்தது, பாதி ஊடுருவும் பிக்சலில் 255 (முழு வெள்ளை) இருக்க வேண்டிய இடத்தில் 191. கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது: லோகோவின் பிஎன்ஜி ஃபைலில் நிறம் ஆல்பாவால் பெருக்காமல்தான் இருக்கும், உங்கள் லைப்ரரி அதைத் திறக்கும்போதே ஒரு தடவை பெருக்கி 255ஐ 128 ஆக்குகிறது, அப்புறம் மேலே வைக்கும்போது மறுபடி பெருக்கி 64 ஆக்குகிறது, அதோடு கீழ்ப் படத்தின் பங்கு 127. எழுத்தின் நடுவில் ஆல்பா முழுசாக இருப்பதால் அங்கே எத்தனை தடவை பெருக்கினாலும் மாறாது, ஓரம்தான் மாட்டிக்கொள்கிறது. இரண்டாவது பெருக்கலை விட்டுவிட்டு நானே கூட்டிப் பார்த்தேன், கோடு போய்விட்டது. ஆனால் என் லூப் பிக்சல் பிக்சலாக ஓடுவதால் ஒரு படத்துக்கு அரை நிமிடம் ஆகிறது, 600 படத்துக்கு 5 மணி நேரம். அதற்கா உங்களுக்குப் பணம் கட்டினேன்?

இரண்டில் ஒரு பெருக்கலை எடுங்கள். படத்தைத் திறந்ததும் நிறம் எந்த நிலையில் இருக்கும் என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள், இப்போது அதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. வைகாசிக் கல்யாண ஆல்பங்களுக்கு முன்பாகத் திருத்தம் வராவிட்டால் மீதி மாதங்களின் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளைப் படம், லோகோ, என் புரோகிராம் மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.