வங்கிக்கு மகன், அடுப்படிக்கு மகளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்னென்ன வேலைகளைப் பழக்கலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பொழுதெல்லாம் கைப்பேசியும் கையுமாகக் கிடக்கும் பிள்ளைகளை எழுப்பி ஏதாவது ஒரு வேலையில் இறக்கிவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டுரையின் நடுவே, ‘பெண் குழந்தைகளை அம்மாவுடன் அடுப்படியில் நிற்க வையுங்கள், பையன்களை அப்பாவுடன் வங்கிக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், உலகம் புரியும்’ என்று ஒரு வரி இருந்தது. பிழை திருத்துபவர் தொடங்கி இணைப்பின் பொறுப்பாசிரியர் வரை பலரும் படித்த பிறகுதானே அது அச்சேறியிருக்கும்? அவர்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். கணவரின் காரியம் முடிந்த கையோடு, பாஸ்புக்கையும் டெபாசிட் ரசீதுகளையும் இறப்புச் சான்றிதழையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் பெண்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். நாமினி யார் என்று கேட்டால், ‘அதெல்லாம் அவருக்குத்தாம்மா தெரியும்’ என்று போய்ச் சேர்ந்தவரைச் சொல்வார்கள். அப்படி வந்த ஒரு தாயுடன் மகளும் மகனும் வந்திருந்தார்கள். மகள் பி.காம். படிக்கிறாள்; மகன் ஒன்பதாம் வகுப்பு. நான் நீட்டிய படிவத்தை அந்தத் தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகனிடம்தான் கொடுத்தார். அப்பாவோடு வந்து பழகிய பையன் கவுன்ட்டரில் கட்டியிருந்த பேனாவை எடுத்து மளமளவென்று நிரப்பி, அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தான். கணக்குப் பதிவியலைக் கல்லூரியில் பாடமாகவே படிக்கிற அக்காள் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பையன்களுக்குப் புரிய வேண்டும் என்று தங்கள் கட்டுரையாளர் ஆசைப்படும் உலகம் இதுதான், ஐயா. அது அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தப் பாகுபாடு சட்டத்திலேயே இருந்ததைத் தாங்கள் அறியாதவர் அல்லர். மைனர் பிள்ளைக்கு முதலில் தந்தைதான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகே தாய் என்று 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்லிவைத்தது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1999இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான், தந்தை உயிரோடு இருக்கும்போதும் சூழ்நிலையைப் பொறுத்துத் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று ஆயிற்று. காய்ச்சலுக்குக் கண்விழிக்கத் தாய், கையெழுத்துப் போடத் தந்தை என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் அசைத்துப் பார்த்துவிட்டது. தங்கள் ஞாயிறு இணைப்பு அதைத் தூக்கி நிறுத்துகிறது.

என் சிறுவயதில் பெரம்பூரில் எங்கள் தெருமுனை அடிபம்பில் விடியற்காலையில் குடம் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் அம்மாக்களும் பெண் பிள்ளைகளும் மட்டுமே நிற்போம். தேர்வு நாளிலும் இடுப்பில் குடத்தோடு வீடு திரும்பினால், அண்ணனை எழுப்பிவிடாதே, ராத்திரி படித்துவிட்டுப் படுத்திருக்கிறான் என்று அம்மா அடிக்குரலில் சொல்வார். நானும் ராத்திரி படித்துவிட்டுத்தான் படுத்திருந்தேன். அந்த அண்ணன் இன்று, அண்ணி நான்கு நாள் ஊருக்குப் போனால், வெந்தயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் கேட்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்படி வாசலைக்கூட மிதிக்க விடாமல் வளர்த்தால் யாருக்கும் அந்தக் கதிதான்.

எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் இதே கதைதான். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்றால், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி அலுவலகம் வைத்திருந்த என் கணவரை விட்டுவிட்டு, கூட்டம் நெரியும் கவுன்ட்டரில் இருக்கும் எனக்குத்தான் பள்ளியிலிருந்து தொலைபேசி வரும். பதவி உயர்வு வந்தால் கூடவே வெளியூர் மாற்றலும் வரும் என்பதால் அதற்கான தேர்வையே நான் எழுதவில்லை. என் கணவர் மகளுக்கு என்றைக்காவது தலை பின்னி அனுப்பினால், ‘இப்படி ஒரு தங்கமான மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்’ என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வார். மற்ற நாளெல்லாம் பின்னிவிட்டவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தந்தையர் தினத்தன்று, குழந்தைக்குச் சோறூட்டும் தந்தையின் படத்தைத் தாங்கள் முதல் பக்கத்தில் அதிசயம்போல் வெளியிட்டபோது எனக்கு அந்த மாமியின் நினைவுதான் வந்தது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இதில் ஆறு வயதுக் குழந்தை முதல் சேர்த்தி என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் மே மாதத்தில் ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி’ என்று தாங்கள் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70 விழுக்காடும் மாணவர்கள் 93.16 விழுக்காடும் தேர்ச்சி பெற்றார்கள். வாசல் தெளித்து, தம்பிக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்த் தேர்வெழுதிய பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள். முடிவு வந்த மறுவாரமே, விடுமுறைக்கு அவர்களை அடுப்படியில் நிற்க வையுங்கள் என்று அறிவுரை சொல்கிறீர்கள்! பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2024ஆம் ஆண்டு மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தது. அதனால் அங்கே எந்த வீட்டுக் கூரையும் இடிந்து விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பெண் பிள்ளைகள் சமைக்கப் பழகக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பசிக்கிற எல்லோரும் பழக வேண்டும். ரசம் வைக்கத் தெரியாமல் வேலைக்காகப் பெங்களூரு போய், மூன்று வேளையும் ஆன்லைனில் வரவழைத்துத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வரும் பையன்களின் தாய்மார்களைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தத் தொடரின் அடுத்த பகுதியில், வேலைகளைப் பையனுக்கு, பெண்ணுக்கு என்று பிரிக்காமல் வயது வாரியாகப் பிரித்து ஒரே பட்டியலாக வெளியிடுங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களாகவே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதில் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. அந்தத் தகவலையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்தால் நல்லது. குழந்தை வளர்ப்புப் பகுதியை மகளிர் பக்கத்திலிருந்து எடுத்து, ஆண்களும் புரட்டுகிற ஒரு பக்கத்தில் போடுங்கள். விளையாட்டுப் பக்கத்துக்கு எதிரில் போட்டால் இன்னும் சிறப்பு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
பெரம்பூர், சென்னை-11.