மறுபடி சைக்கிள் ஏறப் போறவங்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம். பல வருஷம் கழிச்சு திரும்ப சைக்கிள் ஓட்டணும்னு ஆசைப்படறவங்க முதல்ல ஏமாறுறது சஸ்பென்ஷன்லதான், அதனாலதான் இதை எழுதறேன். விலை கம்மியான சைக்கிள்ல முன்னாடி பின்னாடி ஸ்பிரிங் இருந்தா வெயிட்தான் ஏறும், மிதிக்கிற பலமும் கொஞ்சம் அதுலயே போயிடும். ஸ்பிரிங் இல்லாத சாதா ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவை), 35லேர்ந்து 40 மி.மீ. அகல டயர் போதும், குலுக்கலை டயர் காத்தே தாங்கிக்கும்.

பழைய சைக்கிள் வாங்கறதுல தப்பே இல்ல, ஆனா சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு பிரேக் கட்டைக்கு நடுவுல ரிம் ஆடுதான்னு பாருங்க, செயின் தேஞ்சிருந்தா மாத்திக்கலாம், ஃப்ரேம்ல விரிசல்னா வேண்டவே வேண்டாம்.

எனக்கு ரெண்டு மாசம் முட்டி வலி, வயசாயிடுச்சுன்னே நினைச்சுட்டேன், கடைசில பாத்தா சீட் ரொம்ப இறக்கமா இருந்திருக்கு! குதிகாலை பெடல்ல வச்சு அடிவரைக்கும் இறக்கினா கால் நேரா நீளணும், அப்பதான் முன்பாதத்தால மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கும். சீட்டை அப்படி ஏத்தினதும் வலி போயிடுச்சு.

லைட், பெல் எல்லாம் சாதாரணமானதே போதும். ஹெல்மெட் மட்டும் தயவுசெஞ்சு பழசு வாங்காதீங்க, ஒரு தடவை அடிபட்டு உள்ள ஃபோம் நசுங்கியிருந்தாலும் வெளியில தெரியவே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்