கிறிஸ்துமஸுக்கு வரும் ஜோடிகளை ஊருக்குள் விடுங்கள்: ஊட்டி விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டியில் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் ஊட்டி காந்தலில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட, எனக்கும் கணவருக்கும் படுக்க இடமில்லை. சொந்த ஊரிலேயே ரூம் போட்டுத் தங்கினோம். அந்த மூன்று நாள் அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஹனிமூன் பேக்கேஜ் என்றார்கள். கட்டிலில் ரோஜா இதழ்கள், ஒரு கேக், காரில் சுற்றிப் பார்க்க ஏழு பாயின்ட், ராத்திரி கேம்ப் ஃபயரும் டி.ஜே.யும். 24-ம் தேதி பாதிப் பகல் தொட்டபெட்டா ரோட்டில் வண்டிக்குள்ளேயே கழிந்தது. இரவு நடுச்சாமப் பூசைக்கு நாங்கள் கிளம்பும்போது ஸ்பீக்கர் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. சுடுதண்ணி ஜக்கோடு படியேறி வந்த பையன் எங்கள் தெருக்காரன். "நீ பூசைக்கு வரலையாடா?" என்று கேட்டேன். "டி.ஜே. முடிஞ்சு சேர் எல்லாம் எடுத்து வைக்கணும்க்கா" என்றான். அவன் அம்மா கோயிலில் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அவன் சாப்பிட்டானா?"

மறுநாள் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தோம். நல்ல உறைபனி. லாட்ஜ் வாசலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் என் கணவர் நகத்தால் என் பெயரை எழுதினார். தூத்துக்குடிக்காரர், அதுவரை ஸ்வெட்டர் போட்டதே இல்லை. விரலில் ஒட்டிய பனியை முகர்ந்து பார்த்தார். வெயில் ஏறி அந்தப் பெயர் கரைகிற வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு அதுதான். நீங்களும் உங்களிடம் தங்குகிறவர்களை ஆறரை மணிக்கு எழுப்பிவிட்டால் போதும், அவர்களுக்கும் கிடைக்கும்.

அப்புறம் பேக்கரியில் டீயும், மொறுமொறுவென்ற ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும். அங்கிருந்து செயின்ட் ஸ்டீபன் கோயில். 1829-ல் அடிக்கல் நாட்டி 1830-ல் பிரதிஷ்டை செய்தது. அதன் உத்திரமும் மற்ற பெரிய மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. ரோடு ஒழுங்காக இல்லாத காலம் அது. என் கணவர் தலையை அண்ணாந்து அந்த உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்த திப்பு இப்படித் தலைக்கு மேலே இருப்பார் என்று அவர் நினைக்கவே இல்லை.

பின்பக்கச் சரிவில் கல்லறைத் தோட்டம். இந்த ஊரை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். சல்லிவன் அடக்கமானது இங்கிலாந்தில். அவர் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஏரியும் அவர் வெட்டச் சொன்னது. வீட்டையும் ஏரியையும் மனைவி, மகளையும் இங்கே விட்டுவிட்டு அவர் கப்பல் ஏறியிருக்கிறார். அந்தக் கல்லறைக்கு முன் என் கணவர் என் கையைப் பிடித்த பிடியை எந்த பேக்கேஜிலும் நீங்கள் போட முடியாது. ஆனால் வழி சொல்ல முடியும். சேரிங் கிராஸ், நீலகிரி நூலகம், செயின்ட் ஸ்டீபன் எல்லாம் ஒரு காலை நடைக்குள் அடங்கும். ஒரு தாளில் கையால் வரைந்து ரூமில் வையுங்கள், போதும்.

ரூம் புக் செய்யும்போதே மலை ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் வந்த பாதை. கல்லாறு தாண்டியதும் எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவில் உள்ள பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும். டிசம்பர் மழையில் மண் சரிந்தால் ரயில் ரத்தாகும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதே வாரங்களில்தான் நீலகிரியின் படகர் இன மக்களின் ஊர்களில் ஹெத்தை ஹப்பா என்ற ஹெத்தையம்மன் திருவிழா வரும். வெள்ளை உடுத்து நடந்து போகிறவர்களை வழியில் பார்த்தால் காரை ஓரங்கட்டி ஹாரன் அடிக்காமல் நிற்கும்படி டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

சரி, வியாபாரம்? எனக்கும் புரிகிறது, சீசன் வருமானத்தில்தான் வருஷம் ஓடுகிறது. ஆனால் புதுசாகக் கல்யாணமான ஜோடி டிசம்பரில் முதலில் கேட்பது ஹீட்டர், கனமான கம்பளி, காலையில் நிற்காமல் வரும் சுடுதண்ணி. அதற்குக் காசு வாங்குங்கள், யாரும் பேரம் பேச மாட்டார்கள். டி.ஜே. அவர்கள் ஊரிலேயே கிடைக்கும். தெருவில் நட்சத்திர விளக்குகள், வீட்டு வாசலில் குடில், கிதாரோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி வரும் பிள்ளைகள்: இவை எங்கள் ஊரில் மட்டும்தான் இந்தக் குளிரோடு சேர்ந்து கிடைக்கும். அந்த ஒரு ராத்திரி ஸ்பீக்கரை அணைத்தால் கீத பவனி உங்கள் வாசலுக்கே வரும், விருந்தாளிகள் எட்டிப் பார்ப்பார்கள், வேலை செய்யும் பிள்ளைகளும் பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு அம்மாவோடு பூசைக்குப் போவார்கள்.

இந்த வருஷமும் அம்மா வீட்டில் இடமில்லை. எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். ரூம் கேட்டு உங்களில் யாருக்காவது போன் செய்வேன், "24 ராத்திரி டி.ஜே. உண்டா?" என்று கேட்பேன். இல்லை என்று சொல்கிற இடத்தில் மூன்று நாளைக்கு முன்பணம் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
காந்தல் பெண்