காயும் நேரம்

சார்செல், பிரான்ஸ்
நவம்பர், ஞாயிறு மாலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஐப்பசி மழை விட்டபாடில்லை என்று அம்மா போனில் சொன்னாள். இங்கே மழை குறைவு, இருட்டுதான் அதிகம். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கும்போது நடுராத்திரி போல இருக்கும். ஜூனில் இதற்கு நேர்மாறு, பத்து மணி வரைக்கும் வானம் வெளுத்தே கிடக்கும்.

வேலைக்குப் போய்க்கொண்டே புத்தகம் கட்ட, அதாவது பைண்டிங் செய்ய, எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டிருந்தாய். சேதராப்பட்டில் ஷிப்ட் முடிந்து வந்தால் கை ஓய்ந்துபோகிறது, வரைவதற்கு ஒரு நல்ல நோட்டுகூட இல்லை என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்: வரைவதற்கான நோட்டை நீயே கட்டிக்கொள்.

இந்த நாட்டில் சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேர வேலை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ரயிலில் போய்வருவது, சமையல், பிள்ளைகள் என்று கழித்தால் மிச்சம் உன் கணக்குதான். ஆனாலும் இங்கத்து மக்கள் கைவேலையை விடுவதில்லை. 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்த சின்னச் சின்னச் சங்கங்கள் ஊருக்கு ஊர் உண்டு. பாட்டு, தையல், மண்பாண்டம், புத்தகக் கட்டு என்று வாரத்தில் ஒரு மாலை கூடுவார்கள். அங்கே கவனித்தால் ஒன்று புரியும்: யாரும் ஒரே மூச்சில் ஒரு பொருளை முடிப்பதில்லை. பசை காயாமல் அடுத்த வேலைக்குக் கை வைக்கவும் முடியாது. பைண்டிங்கின் பெரிய வசதியே இதுதான். நாற்பது நிமிடம் நீ வேலை செய்தால், மீதி இருபத்து மூன்று மணி நேரம் பசையும் மேலே ஏற்றிய எடையும் உனக்காக வேலை செய்யும். ஒரு ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு முடிகிற மாதிரி பிரித்துக்கொள். பிரிக்கும்போது உன் களைப்பை வைத்துப் பிரி. கத்தி பிடிக்கிற வேலை ஓய்வு நாளில், கண்ணும் கையும் தானே ஓடுகிற வேலை ஷிப்ட் நாளில். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் கட்டரைத் தொடவே கூடாது. அளவு தவறும், விரலும் போகும்.

முதல் ஞாயிறு முழுக்க வெட்டு. முதலில் காகிதத்தின் நார் ஓட்டம் பார்க்க வேண்டும். பிரஸ்ஸில் கிரெய்ன் என்பார்கள். பனை ஓலைக்கு நரம்பு ஒரு பக்கமாக ஓடுகிற மாதிரி மில் காகிதத்துக்கும் நார் ஒரு பக்கமாக ஓடும். பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் சுவடிகள் இருக்கின்றனவே (2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது), அவற்றின் படத்தை உற்றுப் பார். எழுத்து வரி நரம்பின் நெடுக்கிலேயே போகும். நோட்டில் நார் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்து நிற்கும், பசை பட்ட ஓரம் அலை அலையாக நெளியும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் இருக்கும். அதை இரண்டாக மடித்தால் முதுகுக்குக் குறுக்கே போய்விடும். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. ஆகவே நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 மேப்லித்தோ (அச்சுக்குப் போடும் சாதாரண வெள்ளைத் தாள்), 90 ஜிஎஸ்எம் கனம், 16 தாள் வாங்கு. நடுவில் வெட்டினால் 32 ஏ4 தாள், அதை மடித்தால் நார் சரியாக முதுகோடு ஓடும். சந்தேகமாக இருந்தால் தாளின் மூலையில் சின்னச் சதுரம் வெட்டி ஒரு பக்கம் ஈரம் தடவு. அது குழலாகச் சுருளும். குழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதுதான் நார்.

நீ வரைகிறவன் என்பதால் இதையும் சொல்கிறேன். எஸ்.வி. படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் கிடைக்கும். அதில் நார் ஓட்டம் அவ்வளவாக இருக்காது, எப்படி மடித்தாலும் பாதகமில்லை. ஆனால் கனம் அதிகம். ஒரு மடிப்புக்கு இரண்டு தாளுக்கு மேல் செருகாதே, உள்தாள்கள் வெளியே துருத்தும். வாங்குமுன் மூலையில் ஒரு சொட்டு மை விட்டுப் பார். மை பரவினால் பென்சிலுக்கு மட்டும்தான் ஆகும்.

அன்றைக்கே அட்டையும் வெட்டிவிடு. 2 மி.மீ. அட்டை, 216 உயரம், 144 அகலம், இரண்டு துண்டு. நோட்டு 210-க்கு 148. மேலும் கீழும் 3 மி.மீ. வெளியே நிற்கும். முதுகை ஒட்டி 7 மி.மீ. கீல் (அட்டை மடங்கும் இடைவெளி) விட வேண்டும், முன்பக்கம் 3 வெளியே வரும், அதனால்தான் 144. அட்டையிலும் நார் நெடுக்காக இருக்க வேண்டும். கட்டரின் முனையை எட்டுப் பத்துத் தாளுக்கு ஒருமுறை ஒடித்துப் புதிதாக்கு. மழுங்கின கத்தி காகிதத்தைக் கிழிக்கும், வெட்டாது. இரும்பு ஸ்கேலை நின்றுகொண்டு அழுத்து, உட்கார்ந்தால் பலம் சாயும்.

திங்கள், மடிப்பு. நான்கு தாளை ஒன்றாகச் செருகினால் 16 பக்கம், பிரஸ்காரர்கள் சொல்லும் ஒரு பாரம். எட்டுப் பாரம், 128 பக்கம். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக மடித்துச் செருகு, நான்கையும் சேர்த்து மடித்தால் கூர்மை வராது. மடிப்பைத் தேய்க்க இங்கே எலும்புப் பட்டை விற்கிறார்கள். உனக்கு வழவழவென்று இழைத்த மூங்கில் பட்டை போதும். ஸ்பூன் வேண்டாம், காகிதம் பளபளத்து வடு விழும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அம்மியின் குழவியை மேலே ஏற்றிவிட்டுத் தூங்கு.

செவ்வாய், ஓட்டை. 210 மி.மீ. நீளப் பட்டையில் 15, 60, 73, 137, 150, 195 என்று குறித்துக்கொள். பாரத்தைப் பாதி திறந்து, உள்ளிருந்து மடிப்பின் மேலேயே குத்து. குத்தூசி ஊசியின் கனத்தைத் தாண்டக் கூடாது. ஓட்டை பெரிதானால் பசை உள்ளே இறங்கிப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். மேல் கீழ் மாறிவிடாமலிருக்க எல்லாப் பாரத்தின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி.

புதனும் வியாழனும் தையல். களைப்பாக இருக்கும் நாளுக்கு இதைவிட ஏற்ற வேலை இல்லை. நூல் நீளம்: நோட்டின் உயரத்தைப் பாரத்தின் எண்ணிக்கையால் பெருக்கி, ஒன்றரைச் சாண் கூட்டு. 21 செ.மீ. பெருக்கல் 8, ஏறக்குறைய 2 மீட்டர். இங்கே லினன் நூல். அங்கே கிடைக்காவிட்டால் கெட்டிப் பருத்தி நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்து எடு. பாலியஸ்டர் வேண்டாம், இழுக்கும்போது காகிதத்தை அறுக்கும். தையல் கடையில் அரை அங்குலப் பருத்தி நாடா வாங்கி, 10 செ.மீ. துண்டு இரண்டு வெட்டு. ஒன்று 60-க்கும் 73-க்கும் நடுவில், இன்னொன்று 137-க்கும் 150-க்கும் நடுவில் நிற்கும்.

15-இல் வெளியிலிருந்து நுழை, ஐந்து செ.மீ. வால் விட்டுவை. 60-இல் வெளியே வா, நாடாவைத் தாண்டி 73-இல் உள்ளே போ, 137-இல் வெளியே, நாடாவைத் தாண்டி 150-இல் உள்ளே, 195-இல் வெளியே. அடுத்த பாரத்தை மேலே வைத்து அதே 195-இல் நுழைந்து திரும்பி வா. தொடங்கிய இடத்துக்கு வந்ததும் வாலோடு இரட்டை முடிச்சு. மூன்றாம் பாரத்திலிருந்து, ஓரத்துக்கு வரும்போதெல்லாம் கீழே உள்ள இரண்டு பாரத்தையும் சேர்க்கும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டு, வளையத்துக்குள் எடுத்து இறுக்கு. இறுக்கும்போது நூலை முதுகின் நெடுக்கில், தையல் போகும் திசையில் இழு. உன்னைப் பார்த்து இழுத்தால் மடிப்பு கிழிந்துவிடும். பாதியில் நிறுத்துவதானால் ஓரத்து முடிச்சு போட்ட பிறகு நிறுத்து, நடு ஓட்டையில் விடாதே. மறுநாள் நூல் தளர்ந்து கிடக்கும்.

வெள்ளி, முதுகுக்குப் பசை. இதற்கு பெவிகால் நேராகவே, மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் முன்னும் பின்னும் மடித்த ஒரு தாளை (முன்தாள் என்பது இதுதான்) 3 மி.மீ. பசையில் ஒட்டு. பிறகு முதுகின் மேல் கஞ்சி போட்ட மல் துணி, இரு பக்கமும் 25 மி.மீ. வழியும்படி. முதுகை வளைக்கச் சுத்தியலால் தட்டும் முறையும் உண்டு. அடுக்குமாடியில் அதற்கு வழியில்லை, இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை இங்கே சத்தம் போடுவது குற்றம். தட்டை முதுகே நமக்குப் போதும், நோட்டுக்கு அதுதான் உழைக்கும்.

சனி, மேலட்டை. மைதா பசை காய்ச்சு: இரண்டு மேசைக்கரண்டி மைதா, பன்னிரண்டு கரண்டி தண்ணீர். முதலில் மூன்று கரண்டியில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியை ஊற்றி, சிறு தீயில் கண்ணாடி போலாகும் வரை கிளறி வடிகட்டு. சுவரொட்டிக்குப் போடுகிற மாதிரி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடாதே. பூச்சி வராது, ஆனால் செம்பு காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுக்கும். அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது, நம் ஊர் வெக்கையில் மறுநாளே புளித்துவிடும். ஆறியதும் மூன்று பங்கு பெவிகாலில் ஒரு பங்கு இந்தப் பசையைக் கல. தனி பெவிகால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அட்டையை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தராது. அட்டைகளின் மேல் ஒட்டும் காலிகோ (பைண்டிங் துணி) 345-க்கு 246 மி.மீ., ஓரங்களை உள்ளே மடிப்பதற்கும் சேர்த்து. நடுவில் வைக்கும் முதுகுப் பட்டை, முதுகின் கனமும் இரண்டு அட்டையின் கனமும் சேர்ந்தது, ஏறக்குறைய 13 மி.மீ. வரும். உன் நோட்டை அளந்தே வெட்டு, நான் சொன்ன எண்ணை நம்பாதே. முதுகு மாறினால் துணி அகலமும் மாறும். சட்டைத் துணியை வெட்டிப் போடாதே. காலிகோவில் கஞ்சி உண்டு, சாதாரணத் துணியில் பசை ஊறி வெளியே தெரியும். பசை தடவும்போது மின்விசிறியை நிறுத்திவிடு. ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் அட்டை அந்தப் பக்கம் வளையும்.

கடைசி ஞாயிறு, நோட்டை அட்டையில் ஏற்றுவது. முன்தாளில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசை தடவி, மூடி, உள்ளே இரண்டு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து மேலே எடை ஏற்று. திறந்து பார்க்கத் துடிக்கும், இரவு முழுக்கத் திறக்காதே. இந்த இடத்தில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை வறட்டிவிடும், அட்டை படபடவென்று காய்ந்து வளைகிறது. ஹீட்டர் இருக்கும் சுவரைவிட்டுத் தள்ளி வைக்கிறோம். உனக்கு அடைமழை. மெழுகுத்தாள் மட்டும் போதாது, மேல் ஒரு ஒற்றுத்தாளும் (பிளாட்டிங் பேப்பர்) வை. காலையிலும் மாலையிலும் ஒற்றுத்தாளை மாற்று, மூன்று நாள். காயாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

நேரத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசைதான் இங்கே பட்டறை. எடுத்துப் பரப்பவே பதினைந்து நிமிடம் போனால் வேலை நடக்காது. இரண்டடிக்கு ஒன்றரையடி பிளைவுட் பலகை ஒன்று போதும். எல்லாம் அதன் மேலேயே இருக்கும், சாப்பாடு வந்தால் பலகையோடு தூக்கிக் கட்டிலடியில். ஒவ்வொரு நாளும் எழுமுன், மறுநாளைய வேலைக்கு வேண்டியதை மட்டும் மேலே எடுத்து வை: செவ்வாய்க்குக் குத்தூசியும் பட்டையும், புதனுக்கு மெழுகு போட்டு ஊசியில் கோத்த நூல். வந்ததும் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருந்தால் கை போனுக்குப் போய்விடும். காலை ஷிப்ட் வாரம் மூன்று மணிக்கு, தூங்குவதற்கு முன். மதிய ஷிப்ட் வாரம் காலை பத்துக்கு. இரவு ஷிப்ட் வாரம் மடிப்பு, தையல் மட்டும், அதுவும் தூங்கி எழுந்த பிறகு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு வேலை செய்து ஈடுகட்டாதே, வரிசையை ஒரு நாள் தள்ளிப் போடு. எடையின் அடியில் இருக்கும் காகிதம் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கெட்டுப்போகாது, இன்னும் நன்றாகத்தான் படியும்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும் ஒருவரிடம் லினன் நூல் ஒரு கண்டும், மழுங்கிய முனையுள்ள பைண்டிங் ஊசி ஐந்தும் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். மூன்றாம் பாரம் தைத்ததும், முதுகும் ஓரத்து முடிச்சும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. நீ அனுப்பும்போது இங்கே மணி நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும், வேலையில் இருந்தாலும் ரயிலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா, அப்பாவைக் கேட்டதாகச் சொல். குழவியை எடுத்தால் திருப்பி அம்மியிலேயே வை, அம்மா தேடுவாள்.

அன்புடன்,
அக்கா